இருபது பேர், ஆறு மணி நேரம்: குவில்ட் வகுப்புக்கு நான் தயாராகும் விதம்

நான் இருக்கிறது டல்லாஸ். அங்கிருந்து கார்ல நாலு மணி நேரம் போனா ஹூஸ்டன். அங்க வருஷா வருஷம் இன்டர்நேஷனல் குவில்ட் ஃபெஸ்டிவல் நடக்குது. 1970-கள்ல ஆரம்பிச்ச விழா. 50,000 பேருக்கு மேல வந்த வருஷங்கள் உண்டு. இந்தத் தடவை அதுல ஒரு முழுநாள் வகுப்பு எடுக்கப் போறேன். அதுக்கு எப்படித் தயாராகுறேன்ங்கிறதுதான் இந்த எபிசோடு.

குவில்ட்னா துண்டுத் துணிகளைச் சேர்த்து, அடுக்கா வச்சுத் தைக்கிற போர்வை. நான் சொல்லித்தரப் போறது கவந்தி. கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல, யெல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழுற சித்தி பெண்கள் தைக்கிறது. வழக்கமான அமெரிக்க குவில்ட்ல முதல்ல துண்டுகளை இணைச்சு மேல்துணி செய்வாங்க, அப்புறம் அடுக்கி மறுபடியும் தைப்பாங்க. கவந்தியில ரெண்டும் ஒரே வேலை. ஒரு அடித்துணியோட ஓரத்துல ஆரம்பிச்சு, துண்டு துண்டா மேல வச்சு, விளிம்பை மடிச்சு, ரன்னிங் ஸ்டிட்ச் போட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வரணும். மெஷினே வேண்டாம்.

தயாரிப்புன்னா எல்லாரும் துணி வாங்குறதைத்தான் நினைப்பாங்க. எனக்கு முதல் வேலை கணக்கு.

பன்னிரண்டு இன்ச் சதுரம்னு வச்சுக்குவோம். தையல் வரிசைகளுக்கு நடுவுல அரை இன்ச் இடைவெளி. பரப்பு 144 சதுர இன்ச். அதை அரையால வகுத்தா 288 இன்ச், அதாவது 24 அடி தையல். புதுசா தைக்கிறவங்க துணி மடிக்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு அடிக்குப் பத்து நிமிஷம் எடுப்பாங்கன்னு வைங்க. மொத்தம் நாலு மணி நேரம். வகுப்பு ஆறு மணி நேரம்தானே, தாராளமா முடிஞ்சிடுமேன்னு தோணும். ஆனா நான் பேசுறது, செஞ்சு காட்டுறது, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் உட்காருறது எல்லாம் அந்த ஆறுக்குள்ளதான். மெதுவா தைக்கிறவங்களுக்கு நடுவுல ஓட்டை மிச்சமிருக்கும். பத்து இன்ச்சா குறைச்சா 200 இன்ச், மூணு மணி நேரத்துக்குள்ள முடியும். ரெண்டே இன்ச்தான், ஆனா முடிச்ச ஒரு பொருளோட வீட்டுக்குப் போறதும் பாதியில சுருட்டிப் பையில போடுறதும் ஒண்ணு இல்ல. அந்தப் பாதி பல வீட்டுல அலமாரியை விட்டு வெளியவே வராது.

அடுத்து மாதிரிகள். இருபது பேர் உட்கார்ந்த அறையில என் விரல் அசையுறது பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியாது. அதனால ஒரே கவந்தியை அஞ்சு தடவை ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு கட்டத்துல நிறுத்தி வைக்கிறேன். ஓரம் மடிச்சது ஒண்ணு, முதல் சுத்து முடிஞ்சது ஒண்ணு, நடுவுல உள்ளங்கை அளவு இடம் மிச்சமிருக்கிறது ஒண்ணுன்னு. மேஜை மேஜையா கைமாத்திக் கொடுத்தா தொட்டுப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்க. இடதுகைக்காரங்க எதிர்த்திசையில சுத்தணும்ங்கிறதால அவங்களுக்குத் தனியா ஒரு செட். அலுப்பான வேலைதான், சொல்லிடுறேன்.

கொண்டுவர வேண்டிய பொருள் பட்டியல்ல பாடிக் துணி வேண்டாம்னு தெளிவா போட்டிருக்கேன். நெசவு நெருக்கமா இருக்கும், மடிப்பு மேல மடிப்பு வரும்போது ஊசி இறங்காது. அதோட, பழைய காட்டன் சட்டை ஒண்ணு கண்டிப்பா கொண்டுவாங்கன்னும் கேட்டிருக்கேன். குவில்ட் பண்றவங்க வீட்டுல வெட்டாத புதுத் துணி குவிஞ்சு கிடக்கும், சட்டையைக் கிழிக்கச் சொன்னா முகம் சுளிப்பாங்க. பரவாயில்ல. கவந்தி உடுத்திப் பழசான துணியில பிறந்தது. மெத்துனு இருக்கிறதால தைக்கவும் சுலபம்.

நான் அதிக நாள் எடுத்துக்கிட்டது ஒரு பக்கத் தாளுக்குத்தான். இந்த வகுப்புல உட்கார்றவங்கள்ல சிலர் ஊருக்குப் போய் அவங்களே வகுப்பு எடுப்பாங்க. அப்போ இது வெறும் ‘இந்திய ஒட்டுத்தையல்’னு ஆயிடக் கூடாது. சித்திகளோட முன்னோர்கள் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க. நிறைய பேர் அடிமைகளா, போர்ச்சுகீசியர் ஆண்ட கோவா வழியா கொண்டுவரப்பட்டவங்க. அது அந்தத் தாள்ல முதல் பத்தி. நான் சித்தி இல்ல, இதைக் கத்துக்கிட்டவ மட்டும்தான்ங்கிறது ரெண்டாவது. தையல் முறை அதுக்குக் கீழதான் வருது. ‘ஃபூலா’, அதாவது பூன்னு அவங்க சொல்ற, மூலையில மடிச்சு வைக்கிற சின்னத் துணி இருக்கே, அதை அழகா இருக்குன்னு வேற பேர் வச்சு விக்காதீங்கன்னும் கேட்டிருக்கேன்.

வீட்டுல முயற்சி பண்ணனும்னா பழைய வேட்டித் துண்டு, கொஞ்சம் தடிச்ச பருத்தி நூல், ஒரு ஊசி போதும். பத்து இன்ச்ல ஆரம்பிங்க. முதல் தடவையே வரிசை இடைவெளியைக் கால் இன்ச்சாக்கிடாதீங்க, தையல் நீளம் அப்படியே ரெண்டு மடங்காயிடும்.