மணிலா வேர்முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மல்லாட்டைப் பயிர் முப்பது நாளில் கொஞ்சம் வெளிறினால் போதும், உடனே யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பக்கவேர் கிளம்பும் இடங்களில் கடுகளவு உருண்டைகள் இருக்கும். விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடுபவை வேர்முடிச்சுகள். உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை. முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே சிவந்திருந்தால் அங்கே தழைச்சத்து தயாராகிறது.

தயாரிப்பது ரைசோபியம் வகை பாக்டீரியா. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் இதன் நொதி, பிராணவாயு பட்டால் கெட்டுவிடும். ஆகவே முடிச்சுக்குள் பிராணவாயு மிகமிகக் குறைவு. பாக்டீரியா மூச்சுவிடத் தேவையான சிறிதளவை மட்டும் அந்தச் சிவப்பு நிறப்பொருள், நம் ரத்தத்தில் நடப்பதுபோல, சுமந்து கொடுக்கிறது.

இந்த வேலைக்குக் கூலி என்ன? இலையில் உண்டாகும் சர்க்கரை அப்படியே பாக்டீரியாவுக்குப் போவதில்லை. முடிச்சில் அது மாலிக் அமிலமாக மாறுகிறது. கொண்டைக்கடலைச் செடியைத் தடவிய விரலை நக்கினால் புளிக்குமே, அந்தப் புளிப்பிலும் இந்த அமிலம் உண்டு. பாக்டீரியாவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வை அமிலம் தானாகத் தாண்டாது. சவ்வில் பதிந்துள்ள டிசிடி-ஏ என்ற புரதம்தான் அதற்கு வாசல். 1980-களில் பட்டாணி ரைசோபியத்தில் இந்த வாசலைச் செயலிழக்கச் செய்து பார்த்தார்கள். முடிச்சு வந்தது. தழைச்சத்து வரவில்லை.

வயலில் வாசலை யாரும் கெடுப்பதில்லை, கூலியைத்தான் நிறுத்துகிறோம். தண்ணீர் தேங்கினால் முடிச்சுக்கு வேண்டிய அந்தக் கொஞ்சப் பிராணவாயுவும் போய்விடும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடிக்கு முடிச்சின் தயவு தேவையில்லை. புது முடிச்சு குறையும், இருப்பதும் சோம்பும். காசு கொடுத்து வாங்கிய உரம், சும்மா கிடைத்த உரத்தைத் தடுத்துவிடுகிறது.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பழைய டிஎம்வி 2 (1940) ஆனாலும், இன்றைய புது ரகமானாலும், விதைக்கும்போதே ரைசோபியத்தைச் சேர்த்துவிடுவது நல்லது. எக்டருக்கான விதைக்கு 600 கிராம் (மூன்று பாக்கெட்). ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். பூசணக்கொல்லி மருந்து கலப்பதானால் அதை முதலில் முடித்து, 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம். இரண்டையும் ஒன்றாகக் கலப்பவர்கள் பாக்கெட் விலையை வீணாக்குகிறார்கள்.

முடிச்சு சிவப்பாக இருந்தும் இளங்கொழுந்து மட்டும், நரம்பு பச்சையாக நிற்க, வெளிறுகிறதா? அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் சகஜம். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் தெளியுங்கள். யூரியா அதற்கு மருந்தல்ல.