மறைத்த பத்தியும் நீக்கிய பத்தியும்



பேரேட்டில் பற்றுக்கு ஒரு பத்தி, வரவுக்கு ஒரு பத்தி என்று கோடு போட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். இன்று கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. எக்செல்லில் ஒரு தாளில் 16,384 பத்திகள் உண்டு. நமக்கு வேண்டியவை பத்துப் பன்னிரண்டுதான். வேண்டியதை எடுத்துக் காட்டவும், பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவரவும் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்கே.

இதை எங்கள் அனுபவத்திலிருந்தே சொல்கிறோம். 2022 தீபாவளிக்கு முன் ஆமத்தூரில் எங்கள் கடையிலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு மல்லி, வற்றல், உளுந்து விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அடக்க விலைப் பத்தியை 'ஹைட்' செய்து மறைத்துத்தான் அனுப்பினோம். பத்தே நிமிடத்தில் போன் வந்தது. "அண்ணாச்சி, வற்றலுக்கு உங்க அடக்கம் இவ்வளவுதானா? அப்போ எனக்கு இன்னும் குறைச்சுப் போடலாமே!" என்றார். அன்று முழு மூட்டைக்கும் விலை குறைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

காரணம் எளிது. மறைப்பது வேறு, நீக்குவது வேறு. மறைத்த பத்தி திரைக்குப் பின்னால் அப்படியே இருக்கும். 'ஏ' எழுத்துக்கு இடப்புறம், 1 என்ற எண்ணுக்கு மேலே உள்ள மூலைக் கட்டத்தை அழுத்தினால் தாள் முழுவதும் தேர்வாகும். பத்தித் தலைப்பு ஒன்றின் மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி 'அன்ஹைட்' கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். நம் தாளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழியும் இதுவே. அடுத்தவர் நம் அடக்கத்தைப் பார்க்கும் வழியும் இதுவே.

எனவே வெளியே அனுப்பும்போது கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு, வேண்டிய பத்திகளின் தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு, நகலெடுத்து, புதிய கோப்பில் 'மதிப்புகள் மட்டும்' என்று ஒட்டி அனுப்புங்கள். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினாலும் சரி.

அடுத்தது வரிசைப்படுத்துதல். விலைப் பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால் மல்லியின் விலை உளுந்துக்குப் போய்விடும். 'தேர்வை விரிவாக்கவா' என்று எக்செல் கேட்கும்போது, 'ஆம்' என்பதற்கான வழியையே எடுக்க வேண்டும். முதல் பத்தியில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு வைப்பது நல்லது. எப்படிப் புரட்டினாலும் அந்த எண்ணின்படி மீண்டும் அடுக்கினால் பழைய வரிசை திரும்பிவிடும்.

மூன்றாவது வடிகட்டுதல், அதாவது 'பில்டர்'. வற்றலை மட்டும் வடிகட்டிப் பார்த்துவிட்டு 'கிளியர்' கொடுக்க மறந்தால், மறுநாள் வரும் கணக்கப்பிள்ளை மற்றச் சரக்கெல்லாம் காணோம் என்று திகைப்பார். வடிகட்டிய நிலையில் சாதாரண 'சம்' கட்டளை, மறைந்த வரிகளையும் சேர்த்தே கூட்டும். கண்ணில் படும் வரிகளை மட்டும் கூட்ட, 'சப்டோட்டல்' கட்டளையில் 9 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இவை இன்று ஜி.எஸ்.டி.க்கும் மிகவும் உதவும். 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் கணக்குக் காட்டி அது நம் 2பி பட்டியலில் வந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும். அந்தப் பட்டியலில் பத்திகள் ஏராளம். விற்றவரின் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, வரிக்குரிய மதிப்பு, வரி ஆகியவற்றை மட்டும் எடுத்து நம் கொள்முதல் ஏட்டின் பக்கத்தில் வைத்தால், விடுபட்ட பில் உடனே தெரிந்துவிடும். விற்றவரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

எதைச் செய்யும் முன்னும் மூலக் கோப்பைத் தொடாமல், அதன் நகலில் வேலை செய்யுங்கள். பேரேட்டை யாரும் சிட்டையாகக் கிழிப்பதில்லை அல்லவா?