படுத்துக் கிடந்தாலும் அடுப்பு எரியுது

வேலையில்லாத நாளில் பாயை விட்டு எழும்பாதவனுக்குச் சாப்பாடு எதற்கு என்று நம்மில் சிலர் கேலி பேசுவதுண்டு. எதற்கா? நெஞ்சு துடிக்குது, மூச்சு ஓடுது, ஈரலும் மூளையும் ராப்பகலாய் வேலை செய்யுது, உடம்பு சூடு குறையாமல் இருக்குது. இதற்கு மட்டும் ஆகிற செலவை அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறார்கள் டாக்டர்மார். நாம் அடுப்புச் செலவு என்றே வைத்துக்கொள்வோம். அளக்கிற படி கலோரி. நடுவயதில் 55 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,500. 50 கிலோ பெண்ணுக்குச் சுமார் 1,250. கையைக் காலை அசைக்கிறதெல்லாம் இதற்கு மேலே.

இந்தக் கணக்கை உடம்பாலேயே படித்த இடம் சிங்கப்பூரின் சாங்கி. 1942 பிப்ரவரி 15ல் ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. இரண்டே நாளில் ஏறக்குறைய 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்களை சாங்கிக்கு நடத்திப் போனார்கள். ஆரம்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் அரைக் கிலோ அரிசி. நூறு கிராமுக்கு 350 கலோரி என்றால் 1,750 ஆகிறது. 70 கிலோ வாலிபன் ஒருவனுக்கு அடுப்புச் செலவே அவ்வளவு! கறி, கீரை என்று ஏதோ கொஞ்சம் சேர்ந்தது. அதை வைத்து மண் சுமந்தார்கள். 1943-44ல் விமானத் திடல் போட்டார்கள். வரவு குறைந்தால் உடம்பு தன் கொழுப்பை எரிக்கும், சதையையும் எரிக்கும், கடைசியில் அடுப்பையே தணித்துக்கொள்ளும். அப்படித் தணிந்தவனைப் பார்த்துத்தான் மேலே நிற்கிறவன் 'சோம்பேறி' என்கிறான்.

இன்னொரு பாடமும் அங்கே கிடைத்தது. தீட்டிய வெள்ளை அரிசியில் பி1 உயிர்ச்சத்து போய்விடுகிறது. சில வாரத்திலேயே கால் வீங்கி, மரத்து, பெரிபெரி வந்தது. தவிட்டைத் தேடித் தின்ன வேண்டியதாயிற்று. நம் பாட்டன் பாட்டிமார் இதில் தப்பியவர்கள். மலாயாவில் தீட்டிய அரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் மடிந்தபோது, தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அதிகம் வரவில்லை. தீட்டுவதில்தான் கோளாறு என்று பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு டாக்டர்கள் 1909ல் எழுதினார்கள். நம்மவர்கள் தின்றது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. வெள்ளையாய் இருந்தால்தான் கௌரவம் என்று பச்சரிசிக்கு மாறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, நம் வேலைக்கு எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் போட்ட கணக்கில், 65 கிலோ ஆணுக்குக் கடும் வேலையென்றால் 3,470 கலோரி. 55 கிலோ பெண்ணுக்கு நடுத்தர வேலைக்கு 2,130, கடும் வேலைக்கு 2,720. பிள்ளைத்தாய்ச்சிக்கு இன்னும் 350. கைப்பிள்ளைக்காரிக்கு முதல் ஆறு மாதம் இன்னும் 600. இரண்டு கரண்டி சீனி போட்ட வரக்கோப்பியில் இருப்பது நாற்பதே கலோரி. அதைக் குடித்துவிட்டு விடியுமுன் மரம் வெட்டப் போகிற அம்மாமார் எத்தனை பேர்! ராத்திரிச் சட்டியில் மிஞ்சினதைத்தான் அவர்கள் தின்கிறார்கள் என்பதும் எல்லா லயத்துக்கும் தெரிந்ததே.

இந்தக் கலோரிக் கணக்கு சம்பள மேசைக்கும் வந்திருக்கிறது. நீலகிரி குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தியவர் டாக்டர் அய்க்ராய்ட். 1957ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு அவர் அளவை எடுத்து, வளர்ந்த ஆளுக்கு 2,700 கலோரி என்று வைத்துத்தான் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரையறை செய்தது. துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கெல்லாம் அதற்கு மேலே. ஒரு சம்பாத்தியத்துக்கு மூன்று பங்கு. புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு 0.8, இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து 1.2. அந்த 0.8 நமக்குச் சரிப்படவில்லை. வெயிலில் பால் வாளி தூக்கிவிட்டு, வீட்டில் தண்ணீரும் விறகும் சுமக்கிறவளை எந்தத் தராசில் நிறுத்து இருபது காசு குறைத்தார்களோ!