ஒரு கண்ணுக்கு மட்டும் தெரிந்த வெளிச்சம்

2014 ஏப்ரல் 3. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த படத்தில், தொடுவானத்துக்கருகே விளக்கேற்றியதுபோல ஒரு வெண்புள்ளி. யாரோ அங்கே இருக்கிறார்கள் என்று சிலர் நம்பினார்கள். ஆனால் ஊர்தியின் வழிகாட்டும் கேமராக்கள் நம் கண்களைப்போல இடது வலது என ஜோடியாக இயங்குபவை. இந்தப் படம் வலது கேமரா எடுத்தது. ஏறத்தாழ அதே நொடியில் இடது கேமரா எடுத்த படத்தில் வெளிச்சமே இல்லை!

அப்படியானால் வலது கேமராவில் எப்படி வந்தது? கேமராவின் சிலிக்கான் சில்லில் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடும். அவற்றை எண்ணித்தான் படம் உருவாகிறது. விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் காஸ்மிக் கதிர்த்துகளும் அதே வேலையைச் செய்துவிடும். எலெக்ட்ரானை விடுவித்தது ஒளியா துகளா என்று சில்லுக்குத் தெரியாது. செவ்வாயின் காற்று மிக மெல்லியது, பூமிக்கிருப்பதுபோன்ற காந்தக் கவசமும் இல்லை; அதனால் இத்தகைய தாக்குதல் அங்கே சகஜம்.

பளபளப்பான பாறையில் பட்ட வெயிலாகவும் இருக்கலாம் என்றது நாசா. சூரியனும் அதே திசையில் தாழ்ந்திருந்தது. காரணம் எது என்று உறுதியாகவில்லை. எனக்கு இந்தத் தயக்கம் பிடித்திருக்கிறது. ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்பெழுத அவர்கள் மறுத்தார்கள்.