பச்சை பெல்ட்டும் செம்மண் களமும்

தற்காப்புக் கலை கற்றால் பிள்ளைகளுக்குத் தைரியம் வரும் என்று நம்பித்தான் என் மகளைக் கராத்தே வகுப்பில் சேர்த்தேன். இரண்டு வருடங்களில் வெள்ளை பெல்ட் மாறிப் பச்சை பெல்ட் வரை வந்துவிட்டாள். தைரியமும் வந்தது. டியூஷன் முடிந்ததும் என்னை அழைக்காமல், விளக்கில்லாத சந்து வழியாகத் தனியே வரத் தொடங்கினாள். கேட்டால், "எனக்குத்தான் கராத்தே தெரியுமேப்பா!" என்பாள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

விடுமுறைக்குச் சேலத்திலிருந்து வந்த என் அண்ணன் மகன் ஒருநாள் விளையாட்டாக அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வகுப்பில் நூறு முறை செய்த விடுவிப்பு அன்று பலிக்கவில்லை. "அண்ணா, அப்படிப் பிடிக்கக் கூடாது, இப்படிப் பிடிக்கணும்" என்றாள். அவன் பிடியைத் தளர்த்தவில்லை. அவள் கண்கள் கலங்கிவிட்டன. எனக்குச் சந்து நினைவுக்கு வந்தது; வயிறு கலங்கியது.

அப்படியானால் இந்தக் கலைகள் தருவது வெறும் பொய்த் தைரியமா? விடை நம் மைசூரிலேயே இருக்கிறது. இங்குள்ள பழைய கரடி மனைகளைப் பாருங்கள். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், உள்ளே கரடி கிடையாது! கன்னடத்தில் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்துக்கு அதுதான் பெயர். செம்மண் களத்தில் இறங்கும் சிறுவனைத் தினமும் யாராவது ஒருவர் மண்ணில் தள்ளுவார். எதிராளி வளைந்து கொடுக்க மாட்டான். எந்தப் பிடி பலிக்கும், எது பலிக்காது என்பதை அவன் உடம்பே கற்றுக்கொள்கிறது. தசராவில் தொட்டகெரே மைதானத்துத் தேவராஜ் அர்ஸ் அரங்கில் மோதும் பயில்வான்கள் இப்படி ஆயிரம் முறை விழுந்து எழுந்தவர்கள்.

விஜயதசமியன்று அரண்மனையில் நடக்கும் வஜ்ரமுஷ்டிப் போட்டியில் மொட்டையடித்த ஜட்டிகள் கையில் கருவியோடு மோதுவார்கள். ஒருவர் தலையில் முதல் துளி இரத்தம் தெரிந்ததுமே போட்டி நிறுத்தப்படும். வீரத்துக்கும் எல்லை உண்டு என்பதை அந்த விதியே சொல்லிவிடுகிறது.

ஜப்பானில் 1882-இல் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோவும் அமைத்துக்கொடுத்த அசைவுகளோடு நிற்கவில்லை. இருவரும் முழுமூச்சாக எதிர்த்துப் பயிலும் 'ரந்தோரி' முறையைப் பயிற்சியின் மையமாக வைத்தார். ஆக, கராத்தேயா, சிலம்பமா, மல்யுத்தமா என்பதல்ல கேள்வி. எதிர்ப்பவரோடு பயின்றோமா என்பதே கேள்வி. ஒத்துழைக்கும் தோழியோடு மட்டும் பயின்றால், வருவது அசைவின் அழகு, துணிவு அல்ல.

களத்தில் பெற்ற துணிவுக்கும் வரம்பு உண்டு. அங்கே நடுவர் உண்டு, எதிராளி ஒருவன்தான், கத்தி கிடையாது. தெருவில் இவை எதற்கும் உத்தரவாதம் இல்லை. தினமும் தோற்றுப் பழகியவனுக்கு இது தெரியும். அதனால்தான் நல்ல பயில்வான் வீண் சண்டைக்குப் போவதில்லை.

நம் அன்பர்கள் பிள்ளைகளைச் சேர்க்குமுன் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தன்னைவிடப் பெரியவரோடும், பழகாதவரோடும் மோதிப் பார்க்க வாய்ப்பு உண்டா? பெல்ட் திறமைக்கா, கட்டிய பணத்துக்கா? உரக்கக் கத்தவும், ஓடவும், 112-ஐ அழைக்கவும் சொல்லித் தருகிறார்களா?

என் மகள் இப்போது வேறு வகுப்புக்குப் போகிறாள். வாரம் இரண்டு நாள் நன்றாகத் தோற்றுவிட்டு வருகிறாள். டியூஷன் முடிந்ததும், "அப்பா, வண்டி எடுத்துட்டு வாங்க" என்று அழைக்கிறாள். முன்னைவிட இப்போதுதான் அவள் தைரியசாலி என்று எனக்குத் தோன்றுகிறது.