நெஞ்சு வலி எல்லாம் வாயுத் தொல்லை அல்ல

வீட்டில் பெரியவர் ஒருவர், "நெஞ்சுல ஏதோ அழுத்துற மாதிரி இருக்கு" என்று சொன்னால் நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் பதில், "கேஸா இருக்கும் அத்தா, கொஞ்சம் ஓமத் தண்ணி குடிங்க" என்பதுதான். பெரும்பாலும் வலியும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். ஓமத் தண்ணீர் கேட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். உண்மையில் அவர் உட்கார்ந்து ஓய்வெடுத்ததால்கூட வலி நின்றிருக்கலாம். உழைக்கும்போது வந்து, ஓய்வெடுத்தால் போய்விடும் இந்த வலிக்கு மருத்துவ உலகில் ஆஞ்சைனா என்று பெயர்.

உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் இதயம், தன் அறைகளில் நிரம்பியிருக்கும் ரத்தத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில்லை. மகாதமனியின் தொடக்கத்தில் பிரிகின்ற இரண்டு கரோனரி ரத்தக்குழாய்கள்தாம் இதயத் தசைக்கு உணவும் ஆக்ஸிஜனும் கொண்டுபோகின்றன. புகை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றால் அவற்றின் உட்சுவரில் படிவு சேர்ந்து வழி குறுகிவிடுகிறது. சும்மா இருக்கும்போது அந்தக் குறுகிய வழியில் வரும் ரத்தம் போதும். மாடி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் போதாது. அந்தப் பற்றாக்குறையைத்தான் இதயம் வலியாகத் தெரிவிக்கிறது. நெரித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த இப்பெயரை 1768-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்நோய்க்குச் சூட்டினார். நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்டவுடன் நடக்கும்போதும் வருகிறது, நின்றால் மறைகிறது என்று அவர் எழுதிய அடையாளம் இன்றும் மாறவில்லை.

இந்த வலியை நோயாளிகள் பெரும்பாலும் ஒரு விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. கையை விரித்து அல்லது முஷ்டியை வைத்து நடு நெஞ்சைக் காட்டுவார்கள். பாரம், இறுக்கம், எரிச்சல் என்று சொல்வார்கள். இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவலாம். குளிர்காலத்தில் பஜ்ருக்கு வேகமாக நடந்து போகும்போது, வலீமாவில் வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் படியேறும்போது, கடும் கோபம் வரும்போது தலைகாட்டும். சில நிமிடங்களில் அடங்கும். வாயுத் தொல்லையிலும் நெஞ்சு எரியும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டையும் வீட்டிலிருந்தபடியே பிரித்தறிய நம்மால் முடியாது. சில நேரம் மருத்துவருக்கே பரிசோதனை தேவைப்படுகிறது. வலி இல்லாத நேரத்தில் எடுக்கும் ஈசிஜி சாதாரணமாகவே இருக்கக்கூடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். "ஈசிஜி நார்மல், ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடாமல், ட்ரெட்மில், எக்கோ, தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் வரை போவது மருத்துவரின் முடிவைப் பொறுத்தது.

வழக்கமாக மாடி ஏறினால் மட்டும் வந்த வலி இப்போது சமதரையில் நடந்தாலே வருகிறது, உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, தூக்கத்தில் எழுப்புகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓய்வெடுத்தும் வலி அடங்கவில்லை, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, வாந்தி வருகிறது என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். அடைபட்ட குழாயைத் திறக்கும் வரை ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மகன் வரட்டும், மருமகன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நோயாளி தானே பைக் ஓட்டிப் போகவும் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். தமிழகத்தில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அவசர மாத்திரைகளைக் கொடுத்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நெஞ்சு வலியைவிட மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, காரணமில்லாத அசதி என்று வெளிப்படுவது உண்டு. நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் போகலாம். நோன்புக் காலத்தில் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும் உம்மா "களைப்பா இருக்கு" என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. இன்னொரு தடையும் உண்டு. ஈசிஜி எடுக்க நெஞ்சைத் திறக்க வேண்டும், எடுப்பவர் ஆணாக இருப்பாரே என்ற தயக்கத்தில் மருத்துவமனைக்கே வர மறுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பெண் ஊழியரைக் கேட்டுப் பெறுவது அவர்களின் உரிமை, கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், சிகிச்சைக்குத் தேவையான அளவு ஆண் மருத்துவர் பார்ப்பதையும் தொடுவதையும் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் ஃபுகஹாக்களும் அனுமதித்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இதற்காக ஒரு பெண்ணைத் தாமதிக்கச் செய்வது பேணுதல் ஆகாது.

நெஞ்சு நோய் பற்றி சுனன் அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் வந்து அவருடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இது இதய நோய் என்று கூறி, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த வைத்தியர் ஹாரிஸ் பின் கலதாவிடம் போகும்படி சொன்னதாக அதில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்கள் விமர்சனம் செய்திருக்கிறார்கள். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவும் ஸஹீஹான ஹதீஸ்கள் வேறு இருக்கின்றன. இதே செய்தியில் அஜ்வா பேரீச்சம்பழமும் வருகிறது. நம் மக்கள் பேரீச்சம்பழத்தை நினைவில் வைத்துக்கொண்டு வைத்தியரை மறந்துவிட்டார்கள்.

ஆஞ்சைனா உள்ளவர்களுக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் தருவார். சார்பிட்ரேட் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. அது ரத்தக்குழாய்களை விரித்து இதயத்தின் சுமையைக் குறைக்கும். பிபி சட்டென்று இறங்கும் என்பதால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். வைத்து ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108. பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்று நம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது ஆபத்து. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிட்டிருப்பவருக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.

நோன்போடு இருக்கும்போது இந்த மாத்திரையை வைக்கலாமா என்று ஒவ்வொரு ரமளானிலும் நம்மிடம் கேட்கிறார்கள். 1997-ல் ஜித்தாவில் நடந்த சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: தொண்டைக்கு வருவதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் நோன்பு முறியாது. மருந்து நாக்கின் அடியிலிருந்தே ரத்தத்தில் கலந்துவிடுகிறது என்பதே காரணம். விழுங்க நேர்ந்துவிட்டால் ஒரு நோன்பைக் களாச் செய்தால் போதும். வலி வந்த நொடியில் மஸ்அலாவை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் மாத்திரையை வையுங்கள். நோயாளிக்கு நோன்பை விட அல்லாஹ்வே அனுமதி தந்திருக்கிறான். குணமாகும் வாய்ப்பில்லாதவர் நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என ஃபித்யா கொடுப்பார்.

வலி கட்டுக்குள் இருப்பவர்கள் பலர் மருத்துவர் அனுமதியோடு நோன்பு நோற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஷஅபானிலேயே போய்க் கேட்டு, மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். தாமாகவே பகல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இஃப்தாரில் சமோசாவும் பஜ்ஜியும் கறிக்கஞ்சியும் ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு உடனே இருபது ரக்அத் நிற்பது இவர்களுக்குப் பெரும் சுமை. கொஞ்சமாகச் சாப்பிட்டு, முடியாதபோது உட்கார்ந்து தொழலாம்.

உம்ரா போகும் இதய நோயாளிகளுக்கும் இதே சலுகை உண்டு. ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஏழு முறை நடப்பதே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது வாகனத்தில் இருந்தபடி தவாஃப் செய்ய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. சக்கர நாற்காலியில் அமர வெட்கப்பட ஒன்றுமில்லை. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை அறையில் உள்ள பெட்டியில் வைக்காமல், இஹ்ராமில் கட்டும் பெல்ட் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே இருக்கிறது என்று உடன் வருபவரிடமும் சொல்லி வையுங்கள்.