மரத்தடிச் சுவரும் நாற்சார்க் கூரையும்: கணினி வரைவிற் சில சிக்கல்கள்

கட்டடக்கலை மென்பொருள்களை வெறுங் கருவிகளாக மட்டும் கொள்ளும் போக்கு நம்மிடையே நிலவுகின்றது. எக்கருவியும் தான் தோன்றிய உற்பத்தி முறையின் நோக்கினைத் தன்னுட் கொண்டிருக்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது. புடாபெஸ்ற் நகரில் 1982 இல் நிறுவப்பட்ட கிராபிசொவ்ற் நிறுவனத்தின் ஆர்க்கிக்காட் ஆயினும், பின்னர் அமெரிக்காவில் எழுந்த ரெவிற் ஆயினும், சுவர் பற்றி அவை கொண்டுள்ள கருத்து ஒன்றே. தரையில் இழுத்த கோடொன்றை மேலுயர்த்திப் பெறும் சீரான தடிப்புடைய பலகையே சுவர். சாய்த்து வைத்த இன்னொரு பலகையே கூரை. சீமெந்தும் கொங்கிறீற்றும் இவ்வரையறைக்குள் எளிதில் அடங்கிவிடும். அடங்க மறுப்பன இரண்டினை இங்கு நோக்குவோம்.

மரத்தடிச் சுவர் பின்லாந்து, நோர்வே, இரசியா முதலிய நாடுகளின் ஊசியிலைக் காடுகளைச் சார்ந்து வளர்ந்தது. தடிகளை ஒன்றன்மேலொன்றாகக் கிடத்தி, மூலையில் வெட்டுவாயிட்டுக் கோப்பர். ஒரு சுவரின் தடிவரிசை அடுத்த சுவரின் வரிசையிலும் பாதித் தடியின் உயரத்தால் விலகி நிற்கும். ஆகவே இரு சுவர்களின் அடியும் முடியும் ஒரே மட்டத்தில் அமையா. மென்பொருளோ இரண்டையும் ஒரே மட்டத்தில் எழுப்பி, மூலையில் ஒற்றைக் கோட்டிலே சந்திக்கச் செய்கின்றது. மரத்தடிச் சுவருக்கெனத் தனித்தெரிவு சிலவற்றில் உண்டாயினும், அது பெரிதும் தோற்றத்தையே தருகின்றது. மேலும், பச்சைத் தடியாலான சுவர் உலருங்கால் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு தாழும். 8 அடிச் சுவரில் இது 6 அங்குலத்தை அண்மும். கதவுநிலைக்கு மேலே அதற்கென இடைவெளி விடுவது தச்சரின் வழமை. மாதிரியுருவில் அச்சுவருக்கு உயரம் ஒன்றே. காலம் அதனுட் புகுவதில்லை.

பனை மலிந்த யாழ்ப்பாணத்தில் இம்முறை ஏன் தோன்றவில்லை? பனை ஒருவித்திலைத் தாவரம். அதன் வைரம் வெளிப்புறத்தில் உள்ளது. நடுவிலிருப்பது மென்மையான சோற்றி. எனவே முழுத்தடியாக அடுக்குவதற்கன்றி, பிளந்து சோற்றி நீக்கி வளையாகவும் கைமரமாகவும் சிலாகையாகவும் ஆக்குதற்கே அது உகந்தது. சுவருக்கோ குடாநாட்டின் நிலத்தடியிற் சுண்ணக்கல் கிடைத்தது. பனை சுவராகாது கூரையேறியமைக்கு இவையே காரணம் எனலாம். (குறுக்கு உத்தரத்தைக் குறிக்கும் 'தீராந்தி' போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.)

சண்டிலிப்பாய் போன்ற வலிகாமத்து ஊர்களின் நாற்சார் வீடுகளில், தச்சரின் திறன் முற்றத்தின் நான்கு உள்மூலைகளிலேயே வெளிப்படுகின்றது. அங்கு ஈரிரண்டு சரிவுகள் கூடிப் பள்ளமாகின்றன. இரு கூரைகளின் மழைநீரும் அவ்வழியே முற்றத்திற்கு இறங்குகின்றது. சரிவுகள் சமமாயும் இறவாரங்கள் ஒரே மட்டத்திலும் இருப்பின், மேலிருந்து நோக்குகையிற் பள்ளக்கோடு 45 பாகையில் அமையும். சரிவு 30 பாகையாயின் மூலைக் கைமரத்தின் சரிவு 22.2 பாகை மட்டுமே. சார்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அகலத்திற் கட்டப்பட்டு, அவற்றின் சரிவுகளும் வேறுபடின், அக்கோடு சரிவு குறைந்த கூரையின் பக்கம் சாயும். இதனை மென்பொருள் நொடியிற் கணித்துவிடும். ஆனால் அது காட்டுவது இரு தளங்கள் வெட்டும் கோடு. அக்கோட்டின் கீழேதான் மூலைக் கைமரமும், அதனோடு சாய்வாக அறுத்துப் பொருத்திய குட்டைக் கைமரங்களும் உள்ளன. உழைப்பு நிகழ்ந்த இடம் வரைவிலே தடிப்பற்ற கோடாகிவிடுகின்றது.

இது தொழில்நுட்பச் சில்லறைப் பிரச்சினை அன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போர்க்காலத்திற் கூரையிழந்த பழைய வீடுகள் பல. எஞ்சியவற்றை அளந்து கணினியிற் பதியும்போது பரப்பும் கனவளவும் துல்லியமாகக் கிடைக்கின்றன. இவை உடைமையாளனுக்கும் விலைமதிப்பாளனுக்கும் வேண்டிய அளவுகள். நாற்சார் வீடு பெரும்பாலும் நிலவுடைமையாளரது. கிடுகு வேய்ந்த குடிலில் வாழ்ந்தோரின் உழைப்பும் அதனுள் உறைந்துள்ளது. அயலூரான சங்கானையின் நிச்சாமத்தில் 1968 இல் தீண்டாமைக்கெதிராக எழுந்த போராட்டத்தை அறிந்தோர்க்கு இவ்வுறவுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில், தேனீயிலிருந்து கட்டடக் கலைஞனைப் பிரிப்பது அவன் முன்கூட்டியே மனத்திற் கட்டிவிடுவதே என்றார். நாற்சார்க் கூரையை மனத்திற் கட்டியவர் வரைபடமின்றி வேலைசெய்த மூத்த தச்சர். அவ்வறிவைப் பதிய விரும்புவோர் மென்பொருளின் கூரைக் கட்டளையை ஒதுக்கிவைத்தல் வேண்டும். முகட்டு வளை, சுவர் வளை, மூலைக் கைமரம், சிலாகை ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக வரைந்து, ஒவ்வொரு பொருத்தின் வெட்டையும் நேரில் அளந்து சேர்த்தல் தகும். ஒரு மூலைக்கு ஒருநாள் செல்லக்கூடும். நான்கு மூலைகளும் ஒன்றுபோல் இரா.